மலை இறங்கும் பழைய காருக்கு எந்த பிரேக் ஆயில்?

மழை ஓய்ந்து பழைய கார்களை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும் நேரம். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரேக் ஆயிலைப் பற்றியே, அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் திரவத்தைப் பற்றியே. எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் செலவழிக்கும் அக்கறையில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆகவே, தேவையான இடங்களில் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்க அப்பாரு ஓட்டின எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இப்போ என்கிட்ட இருக்குதுங்க. கடையில டாட் 3, டாட் 4, டாட் 5.1னு மூணு டப்பா காட்டறாங்க. எதை வாங்கறது? (பொள்ளாச்சி)

டாட் 4 வாங்குங்கள். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தர வரிசை. மூன்றும் கிளைக்கால் என்ற ரசாயனத்தை அடிப்படையாகக் கொண்ட வகைதான். கொதிநிலையில்தான் முக்கிய வேறுபாடு. புது ஆயிலுக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3-க்கு 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இந்த வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே வரிசையில் 140, 155, 180 என்று இறங்கிவிடும். அதாவது, பழசாகிப்போன 5.1-ஐ விடப் புது டாட் 3-யே அதிக வெப்பம் தாங்கும். எந்த டப்பா என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதுதான் பெரிய கேள்வி. டாட் 5.1 குளிரிலும் நீர்த்தே இருக்கும். அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளுக்குத்தான் அதிகம் உதவும். உங்கள் காருக்கு அந்த அவசியம் இல்லை.

ஆனால் டப்பாவைத் திறக்கும் முன் ரப்பரைப் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இயற்கை ரப்பர் சீல்கள் இருந்தன. அவற்றுக்கு ஒத்துப்போகும் ஆயிலைக் கம்பெனியே குறிப்பிட்டுச் சொல்லியிருக்கும். அப்பாரு காலத்து ரப்பர் இன்னும் உள்ளே இருந்தால் அதன்மேல் எதை ஊற்றினாலும் நிம்மதி கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்புவது), கேலிப்பர், வீல் சிலிண்டர் (இரண்டும் சக்கரத்தருகே அந்த அழுத்தத்தை வாங்கி பிரேக் பிடிப்பவை) எல்லாவற்றுக்கும் புது ரப்பர் கிட் போட்டு, ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது வரும் கிட்டுகளில் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான். டாட் 4-உடன் ஒத்துப்போகும். கிளட்ச்சுக்கும் அதே ஆயில்தான். அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வால்பாறையில இருந்து இறங்கறப்போ பாதி வழியில பெடல் மெத்துனு உள்ளே போயிருச்சு. ஆழியாறுல நிறுத்தி அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா நல்லாப் பிடிக்குது. மெக்கானிக் ஒரு குறையும் இல்லைங்கறார். (உடுமலை)

குறை இருக்கிறது, வண்டி ஆறியதும் மறைந்துகொள்கிறது, அவ்வளவுதான். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே இறங்கினால் சூடு பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை உரசி நிறுத்தும் கட்டை) வழியாக ஆயிலுக்குப் போகும். ஆயிலில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவி அமுங்கும். அதனால்தான் பெடல் தரை வரை போகிறது. ஆறியதும் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பெடலும் பழையபடி கெட்டியாகும்.

ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் (பிரேக்கில் உரசும் பகுதி) சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே தளர்ந்து உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது, காற்றும் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் ஆறியதும் சரியாகிறது என்பதால் ஆயில் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் நான்கு சக்கரத்திலும் கசிவு பார்த்துவிடுங்கள். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, புது டாட் 4 நிரப்பி, ஏர் எடுத்துவிடுங்கள், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிடுங்கள். அதுவரை வால்பாறையோ திம்பமோ கொல்லிமலையோ, எந்த மலைக்கும் தயவுசெய்து போகாதீர்கள். போகும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மாதம் இரண்டு முறைதானே ஓட்டுகிறேன், ஆயில் ஏன் கெடும் என்று பலரும் கேட்கிறார்கள். ஓடாத வண்டியிலும் மூடி வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் உள்ளே போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் நம் பக்கத்தில் அது இன்னும் தாராளமாகவே நடக்கும். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

சிலிக்கோன் ஆயில் தண்ணியை இழுக்காது, பெயிண்டையும் அரிக்காதுன்னு சொல்றாங்களே, போடலாமா? கார் பெரும்பாலும் ஷெட்டுலதான் நிக்குது. (ஈரோடு)

நீங்கள் கேட்பது டாட் 5. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் டாட் 5.1-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊதா நிறத்தில் இருக்கும். நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மை. நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்காக அமெரிக்க ராணுவமே 1980களில் சிலிக்கோனுக்கு மாறியது.

ஆனால் ஆயில் உறிஞ்சாத தண்ணீர் காணாமல் போய்விடாது. சொட்டாகத் திரண்டு அமைப்பின் அடியில், அதாவது கேலிப்பரிலும் வீல் சிலிண்டரிலும் தங்கும். அங்கே இரும்பு அரிக்கும். சூடேறினால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். சிலிக்கோனில் காற்றுக் குமிழ்கள் எளிதில் சிக்கிக்கொள்வதால் பெடல் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். கிளைக்காலுடன் கலக்கவே கூடாது. பழைய ஆயிலை வெளியேற்றிவிட்டு ஊற்றினால் போதாது. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, புது ரப்பர் போட்ட பிறகே ஊற்றவேண்டும்.

கண்காட்சிக்கு மட்டும் போகும் காராக இருந்தால் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஊட்டி, ஏற்காடு என்று ஓட்டும் காருக்கு என் ஓட்டு டாட் 4-க்குத்தான். பெயிண்டில் சிந்தினால் தேய்த்துத் துடைக்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பட்டறைப் பையன் பிரேக்குக்கு எஞ்சின் ஆயிலை ஊத்திட்டான். ரெண்டு நாள்ல நாலு வீலும் இறுக்குது. ஆயிலை மாத்திட்டாப் போதுமா? (திருச்செங்கோடு)

போதாதுங்க. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். ஊதிய ரப்பர் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்வதால் பெடலை விட்டாலும் அழுத்தம் இறங்காது. அதுதான் இந்த இறுக்கம். எல்லா ரப்பரும், எல்லா ஹோஸும் போயிற்று என்றே வையுங்கள். பைப்களையும் சிலிண்டர்களையும் ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்துங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

இனிமேல் சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். கிளைக்கால் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், எஞ்சின் ஆயில் மிதக்கும்.

பாதி மிச்சமிருக்கற டப்பாவை அடுத்த வருஷம் உபயோகிக்கலாமா? (கரூர்)

வேண்டாம். திறந்த டப்பாவும் ஈரத்தை இழுக்கும். கால் லிட்டர், அரை லிட்டர் டப்பாக்களாக வாங்குங்கள்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல ஒரு நாள் ஓட்டப்போறேன். ரேஸ் ஆயில் வேணுமா? (கோவை)

சாதாரண ரோடு பேடோடு சில சுற்றுகள்தான் என்றால், அந்த வாரமே மாற்றிய புது டாட் 4 போதும். ரேஸ் பேட் போட்டு நாள் முழுக்க விரட்டுவதாக இருந்தால் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் நல்லது. அதை அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும் என்பதால், ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி டாட் 4-க்கே மாறிவிடுங்கள்.