சாப்ளின் எந்தக் கல்லூரியில் படித்தார்?

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். விடுமுறையில் சார்லி சாப்ளினின் சுயசரிதையை இரண்டு முறை படித்தான். அதன் பிறகு கல்லூரி விண்ணப்பத்தைத் தொடவே மறுக்கிறான். “பட்டினி கிடந்தவர்தானே உலகத்தைச் சிரிக்க வைத்தார்? அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்?” என்று என்னையே மடக்குகிறான். கோடம்பாக்கம் போகப் போகிறானாம். அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்துவிடலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: ஒளித்து வைக்க வேண்டாம், அம்மா. ஒளித்து வைத்தால் தம்பி மூன்றாம் முறையும் படிப்பார். இந்த முறை உங்களுக்குத் தெரியாமல் படிப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஒரு நடிகரின் சுயசரிதையைப் பழைய புத்தகமாக வாங்கினேன். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் வாடகை பாக்கி, ஒரு வேளைச் சோறு, கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த நாட்கள் என்று வரிக்கு வரி நீல மையால் அடிக்கோடிட்டிருந்தார். கதாநாயகர் முதல் கார் வாங்கும் அத்தியாயத்தோடு கோடு நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய பக்கங்களில் இரண்டு தாள்கள் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்ததால், அவர் அங்கே போகவே இல்லை என்று தெரிந்துகொண்டேன். இத்தகைய புத்தகங்களின் ஈர்ப்பு பணத்தில் இல்லை, பசியில்தான் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவர் முகம் தெரியாத அந்த வாசகர்தான்.

சாப்ளின் புத்தகமும் அப்படித்தான். லண்டனில் லாம்பெத் பகுதியின் ஏழைகள் விடுதியில் தாயும் இரண்டு பிள்ளைகளும் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில், ஒரு நாள் மூவரும் வெளியே வருகிறார்கள். அண்ணன் சிட்னியிடம் ஒன்பது பென்னி இருக்கிறது. அதில் அரை பவுண்டு கறுப்புச் செர்ரிப் பழம் வாங்கி, கென்னிங்டன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தின்கிறார்கள். செய்தித்தாளைக் கசக்கி, நூலைச் சுற்றிப் பந்தாக்கி, தாயும் பிள்ளைகளுமாக எறிந்து பிடித்து விளையாடுகிறார்கள். மிச்சக் காசுக்கு டீயும் தின்பண்டமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அதே விடுதிக்குத் திரும்புகிறார்கள். அதே மனிதர் 1916இல் வாரத்துக்கு 10,000 டாலர் சம்பளத்தில் ஒப்பந்தம் போட்டார். படித்து முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், டாலர் கணக்கு மறந்திருக்கும், செர்ரிப் பழம் நினைவிருக்கும்.

அந்தக் காட்சி நம்மை அழவைத்துவிட்டுத் தெம்பும் தருவதற்குக் காரணம், அதை எழுதியவர் 75 வயதில் சுவிட்சர்லாந்தின் பெரிய மாளிகையில் இருக்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும் என்பதுதான். நம் வீட்டுக் கஷ்டத்துக்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் படிக்கிறவர், தாம் இப்போது படும் கஷ்டத்தைத் தம் சுயசரிதையின் முதல் அத்தியாயமாக எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் ஒருவரைக் காலையில் எழுந்து வேலைக்குப் போக வைத்தால் நல்லது. விண்ணப்பத்தைக் கிழிக்க வைத்தால் சிக்கல்.

தம்பியின் கேள்விக்கு விடை அதே புத்தகத்தில் இருக்கிறது. பெற்றோர் இருவருமே மேடைப் பாடகர்கள். சாப்ளின் ஐந்து வயதில் மேடை ஏறினார், எட்டு ஒன்பது வயதில் சிறுவர் நடனக் குழுவில் சேர்ந்தார். 1903இல் ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் பணியாள் பையன் வேடம் கிடைத்தபோது, சரியாக வாசிக்கத் தெரியாத அவருக்கு அண்ணன்தான் வசனத்தைப் படித்துக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். 1908இல் ஃப்ரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் நுழைந்ததும், ஏற்கெனவே அங்கே இருந்த அதே அண்ணன் வழியாகத்தான். சினிமா ஒப்பந்தம் 1913இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராக மேடையில் ஆடியதுதான் அவருடைய கல்லூரி. புத்தகத்தில் அது சில அத்தியாயங்களில் ஓடிவிடுவதால் பிள்ளைகள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் அப்துல் கலாம் சேர ஆயிரம் ரூபாய் அளவில் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்று கலாமே எழுதியிருக்கிறார். சாப்ளினுக்கு ஒரு சிட்னி இருந்ததைப் போல அவருக்கு ஒரு சகோதரி. சாலிகிராமத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உதவி இயக்குநராகவே இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கிடந்த பட்டினி யாருடைய பட்டினிக்கும் குறைந்ததில்லை. அவரிடம் சுயசரிதை கேட்டு எந்தப் பதிப்பாளரும் போனதில்லை.

சினிமா ஆசை உண்மையானது என்றால், தரமணியில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான பட்டப் படிப்புகள் அங்கே உண்டு. அந்த விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அதையும் தொட மறுத்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பிரபலங்களின் சுயசரிதைகளில் வரும் வறுமைக் கதைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?
– வாசகர், வடபழனி

பதில்: மேலே சொன்ன புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ஆல்டர்ஷாட் நகரில் பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் உடைந்துபோக, ஐந்து வயது சாப்ளின் மேடையேறிப் பாடுகிறார். காசு மழையாக விழுகிறது. குழந்தை பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன் என்று அறிவிக்க, அரங்கம் சிரிப்பில் அதிர்கிறது. எழுபது ஆண்டுகள் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது. வழியில் ஓரிரு காசு கூடியிருக்கலாம். அதை நான் பொருட்படுத்துவதில்லை.

என் சந்தேகமெல்லாம் வேறு இடத்தில். வறுமையைத் தாராளமாக எழுதுகிற கை, தம் தவறுகளுக்கு வரும்போது சுருங்கிவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, தம் இரண்டாவது திருமணத்தைச் சாப்ளின் சில வரிகளில் கடந்துவிடுகிறார். நம் கண்ணதாசன் தம் சுயசரிதையான ‘வனவாசம்’ எழுதியபோது அப்படிக் கடக்கவில்லை. தம் சறுக்கல்களையும் பந்தியில் பரிமாறிவிட்டார். அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோடம்பாக்கம் கிளம்பிய பிள்ளையைப் பற்றி இதுவரை எந்தத் தாயும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.