பழைய டைல்ஸ் மேலேயே மரத்தரை போடலாமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் பழைய செராமிக் டைல்ஸ். உடைத்தால் தூசியும் சத்தமும் தாங்காது, மேலேயே மரத்தரை போட்டுவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். நாலைந்து டைல்ஸ் மிதித்தால் ‘டொக் டொக்’ என்கிறது. கீழ்வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே எங்கள் நாற்காலிச் சத்தத்தில் கோபம். என்ன செய்யலாம்?

பதில்: போடலாம். நான் போட்ட மரத்தரைகளில் பாதிக்கு மேல் டைல்ஸ் மேல் போட்டவைதான். ஆனால் பலகையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உயரத்தைப் பாருங்கள். எல்லோரும் கோட்டை விடும் இடம் அது.

8 மி.மீ. லேமினேட்டுக்கு (மேலே மரத்தோற்றம் அச்சிட்ட அழுத்தப் பலகை) அடியில் 2 மி.மீ. அண்டர்லே (பலகைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய விரிப்பு) விரித்தால் தரை 10 மி.மீ. உயரும். 14 மி.மீ. இன்ஜினீயர்டு வுட் (ஒட்டிய அடுக்குகளுக்கு மேல் அசல் மரத்தகடு பதித்த பலகை) என்றால் 16. கடையில் ஒரு துண்டுப் பலகையும் அண்டர்லேயும் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் வைத்துத் திறந்து பாருங்கள். உள்கதவு இடித்தால் அடியில் அறுத்துக்கொள்ளலாம். வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் மட்டும் ரம்பத்தை எடுக்கவே கூடாது. பால்கனியில் இழுவைக் கதவு இருந்தால் அதன் தண்டவாளத்தில் தண்ணீர் வெளியேறும் துளை பலகையால் அடைபடுகிறதா என்றும் பாருங்கள். தரையில் பசை போட்டு ஒட்டும் கனமான முழு மரம் இந்த வேலைக்கு வேண்டாம். ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, தரையில் ஒட்டாமல் கிடக்கும் ‘கிளிக்’ பலகைதான் உங்களுக்குச் சரி.

அடுத்து அந்த ‘டொக் டொக்’. ஒரு நாணயத்தால் தரை முழுக்கத் தட்டுங்கள். வெற்றொலி வந்தாலும் அசையாத டைலை விட்டுவிடலாம். மிதித்தால் ஆடுவதைப் பெயர்த்தெடுத்து, குழியைச் சிமென்ட்டால் நிரப்பிக் காயவிட வேண்டும். ஆடும் டைலை அப்படியே மூடினால் மேலே கிடக்கும் பலகையும் சேர்ந்து ஆடும்; நாளடைவில் கவ்வும் விளிம்பு உடையும். பிறகு 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைத்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தைச் சமப்படுத்தும் கலவையால் நிரப்ப வேண்டும். வழவழப்பான டைல் மேல் பிரைமர் அடிக்காமல் ஊற்றினால் அது பிடிக்காமல் தகடாக உரிந்து வரும். கான்ட்ராக்டரிடம் பிரைமர் பற்றிக் கேளுங்கள். முழிப்பாரானால் வேறு ஆளைப் பாருங்கள்!

குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் உப்புப் பூத்திருந்தால், கசிவை அடைக்காமல் மரத்தைத் தொடாதீர்கள்.

இனி என் சொந்தக் கதை. என் வீட்டு ஹாலுக்கு நானே போட்ட முதல் தரையில், சுவரோடு இழைத்து ஒட்டினாற்போல் பலகையை நெருக்கிவிட்டேன். அப்படி ஒரு பெருமை எனக்கு. மழைக்காலம் வந்தது, நடுவில் கூடாரம்போல் தூக்கிக்கொண்டது. மரம் ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் மிகக் குறைவு. விரிய இடமில்லை என்றால் மேலேதான் போகும். ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஓடும் பட்டை) கழற்றி ஓரமெல்லாம் 1 செ.மீ. அறுத்துவிட்டேன், ஒரே வாரத்தில் தானாகப் படுத்துவிட்டது. சுவரோரம், தூணைச் சுற்றி, நிலைக்கால் அருகில், எங்கும் அந்த இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொள்ளும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் மட்டும் அடியுங்கள், பலகையில் அல்ல. பலகைப் பெட்டிகளையும் இரண்டு நாள் அந்த அறையிலேயே படுக்க வைத்துவிட்டு அப்புறம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் விஷயம். அண்டர்லே தடிமனாக இருந்தால் சத்தம் குறையும் என்று இரண்டு அடுக்கு விரிப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மெத்தைபோல் அமுங்கினால் பலகையின் இணைப்புகள்தான் முறியும். அடர்த்தியான ஒற்றை அடுக்கு போதும். காலடிச் சத்தத்தைக் குறைப்பதற்கென்றே தயாரித்ததா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். குடியிருப்போர் சங்கத்தில் தரை மாற்றுவதற்கு விதி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வில்லை ஒட்ட மட்டும் மரத்தரை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே ஒட்டிவிடுங்கள்.