லேசரில் முடி எடுக்கும் முன் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

ஆஃபர் எவ்வளவு, எத்தனை சிட்டிங் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எந்த மெஷின், அலைநீளம் என்ன என்று கேளுங்கள். லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாவது முடியிலிருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமி. அந்தச் சூட்டில்தான் மயிர்க்கால் பழுதாகிறது. நம் தோலிலும் அதே மெலனின் நிறைய உண்டு என்பதால், பொருந்தாத மெஷினில் முடிக்கு முன்னால் தோல் வெந்துவிடும்.

755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு ஏற்றது. மாநிறத்துக்கு 800–810 டயோட் லேசர் சரிவரும். பல்ஸ் நீளத்தை, அதாவது ஒருமுறை ஒளி பாயும் நேரத்தைக் கூட்டி, தோலைக் குளிர்வித்தபடி அடிக்க வேண்டும். நன்கு கறுத்த தோலுக்கு 1064 லாங் பல்ஸ் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. வலி சற்றுக் கூடுதல், மெல்லிய முடியில் பலன் குறைவு, ஆனால் தழும்பு பயம் குறைவு. ஐபிஎல் என்பது லேசரே இல்லை, பல அலைநீளம் கலந்த பளிச்சொளி. கறுத்த தோலில் அதைத் தவிர்ப்பது நல்லது. மெஷின் பெயரைச் சொல்ல மழுப்புகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

முடி அடியோடு போய்விடாது. எண்ணிக்கை குறையும், மிஞ்சுவது மெலிசாகும். வளரும் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே மாட்டும் என்பதால் 6 முதல் 8 சிட்டிங் வரை தேவைப்படும். முகத்துக்கு 4–6 வாரம், உடம்புக்கு 6–8 வாரம் இடைவெளி. அக்குள், கால் சீக்கிரம் கேட்கும். நரைத்த முடிக்கு லேசர் வீண்செலவு, அதற்கு, ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி வழியே மின்சாரம் செலுத்தி அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான்.

தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி, கூடவே மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் அடித்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். கன்னத்துப் பூனைமுடியை எடுக்கச் சொல்லாதீர்கள். குறைந்த சக்தி பட்டு அதுவே தடித்து வளர்வது உண்டு, அதுவும் நம் நிறத்தில், முகத்திலும் கழுத்திலும்தான் அதிகம்.

பலரும் கோட்டைவிடுவது த்ரெட்டிங்கில். 4 வாரத்துக்கு முன்பிருந்தே த்ரெட்டிங், வாக்சிங், பிடுங்குவது எதுவும் கூடாது. வேரோடு முடி போய்விட்டால் லேசர் எதைச் சுடும்? முந்தின நாள் ஷேவ் செய்தால் போதும். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது கட்டுக்கதை. வெயிலில் கறுத்திருந்தால் தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். முகப்பரு மாத்திரை, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், உதட்டில் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம், கெலாய்டு எனும் புடைத்து வளரும் தழும்பு, கர்ப்பம் எதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பச்சை குத்திய இடத்திலும் மச்சத்தின் மேலும் அடிக்கவே கூடாது. புருவத்துக்குக் கீழேயும் கூடாது, கண்ணுக்கு ஆபத்து. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி உங்களுக்கும் தர வேண்டும்.

ஓரிடத்தில் டெஸ்ட் ஷாட் அடித்து, ஓரிரு நாளாவது பார்த்த பிறகே மீதி. ஜூல் (ஒளியின் சக்தி), பல்ஸ் நீளம், ஸ்பாட் அளவு (ஒளி படும் வட்டத்தின் அகலம்) மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். வேறு கிளினிக் மாறினால் உதவும்.

வலிக்குப் பயந்து மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே இரண்டு கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போவது உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் இப்படிச் செய்த இரண்டு இளம்பெண்கள் இறந்ததால், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரிக்கை விட்டது. சிறிய இடத்துக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவில் பூசுங்கள்.

அடித்த பின் மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்து புடைப்பது சாதாரணம், ஓரிரு நாளில் அடங்கும். ஐஸ் ஒத்தடம், மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போதும். இரண்டு நாளைக்கு வெந்நீர்க் குளியலும் ஜிம்மும் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் முடி முளைப்பதுபோல் தெரிவது செத்த முடி வெளியே வருவது, பிடுங்காமல் விட்டால் உதிரும். கொப்புளமோ, கோடு கோடாகவோ பிறை வடிவிலோ கறுப்போ வந்தால் சூடு மிஞ்சிவிட்டது அல்லது குளிர்விப்பு சரியாகப் படவில்லை. டூத்பேஸ்ட், மஞ்சள் எதையும் தடவாமல், அடுத்த சிட்டிங் வரை காத்திராமல் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.