உங்கள் ஊர் யார் பக்கம்? படிவம் 20-ஐ வைத்துப் பார்ப்பது எப்படி

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே ஒரு வாக்குச்சாவடி. சுமார் 700 ஓட்டு. எம்.பி. தேர்தலில் ஒரு கட்சி முந்துகிறது, எம்.எல்.ஏ. தேர்தலில் இன்னொன்று. இரண்டு தரப்பும் "இது எங்க கோட்டை" என்கிறார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்றிருக்கிறேன். ஊரின் சாய்வை எப்படிக் கணிப்பது? எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: டீக்கடைக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் படிவம் 20-ஐ எடுங்கள். ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கிறது. தபால் ஓட்டு மட்டும் தொகுதிக்கு மொத்தமாக வரும், ஊர்வாரியாகப் பிரியாது.

பலரும் சறுக்குவது சாவடி எண்ணில்தான். சாவடிகளை மறுசீரமைக்கும்போது எண் நகர்ந்துவிடும். 2016-இல் 142 என்றிருந்தது 2021-இல் 147 ஆகியிருக்கலாம். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டால் பக்கத்து ஊர்க் கணக்கைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியலில் பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருப் பெயர்களையும் ஒத்துப் பாருங்கள். ஆண், பெண் எனத் தனிச் சாவடிகள் இருந்த ஊராக இருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். வீட்டுக்குள்ளேயே ஓட்டு பிரிவது அதில் தெரியவரும்.

இப்போது 2016, 2019, 2021, 2024 ஆகிய நான்கு தேர்தல்களை வரிசையாக எழுதுங்கள். ஊரில் ஒரு கூட்டணி வாங்கிய சதவீதத்துக்குப் பக்கத்தில், மொத்தத் தொகுதியிலும் அது வாங்கிய சதவீதத்தைப் போடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. உதாரணமாக, தொகுதியில் 40, ஊரில் 48. அடுத்த தேர்தலில் தொகுதியில் 52, ஊரில் 60 என்று வைத்துக்கொள்வோம். ஊர் மனம் மாறவில்லை. மாநிலம் முழுக்க அடித்த அலை உங்கள் ஊரிலும் அடித்திருக்கிறது. அந்த 8 புள்ளிதான் ஊரின் சொந்தச் சாய்வு. இடைவெளியே 8-இலிருந்து 1-க்கு இறங்கினால்தான் ஊருக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கூட்டணியைக் கவனிக்காமல் இதைச் செய்யாதீர்கள். பா.ம.க. 2016-இல் தனித்து நின்றது. 2019, 2021-இல் அ.தி.மு.க.வோடு, 2024-இல் பா.ஜ.க.வோடு. கட்சி இடம் மாறும்போது அதன் ஓட்டு மொத்தமும் கூடவே போவதில்லை. சின்னம் மாறினாலும் இதே கதைதான். உதயசூரியனுக்குப் போட்டுப் பழகிய கை, தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போனால் சற்றுத் தயங்கும்.

சின்ன ஊரில் எண்களுக்கு அதிகப் பொருள் கொடுத்துவிடவும் கூடாது. 500 ஓட்டுப் பதிவானால், 25 பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனாலே வித்தியாசம் 50 மாறும். இரண்டு பங்காளி வீடுகள் போதும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் ஓட்டுப்போட வராமல் போனாலும் இப்படி ஆகும்.

எம்.பி.க்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று என்பதில் விநோதம் இல்லை. 2019-இல் தேனி மக்களவைத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது. அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் அதே ஏப்ரல் 18 அன்று நடந்தன. இரண்டிலும் தி.மு.க. ஜெயித்தது. டெல்லிக்கு யார், சென்னைக்கு யார் என்பதை மக்கள் தனித்தனியாகத்தான் யோசிக்கிறார்கள்.

உங்கள் தேர்தல் இதிலிருந்து இன்னும் ஒரு படி விலகியது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலருக்கு உண்டு. 2019-இல் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். படிவம் 20-இல் தெரிகிற சாய்வு பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஓரளவு பொருந்தும். இளஞ்சிவப்புச் சீட்டில் பங்காளி, சம்பந்தி, குடிதண்ணீர், போன தடவை வீட்டு வரி ரசீதுக்கு அலையவிட்டது யார் என்பதெல்லாம் பேசும். அதற்கு வீடு வீடாக ஏறி இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கட்சிக்காரர்கள் சொல்லும் "கோட்டை" உங்களைத் தடுக்கவும் வேண்டாம், நம்பிக்கை கொடுக்கவும் வேண்டாம்.

தெருக் கணக்கு கேட்டீர்கள். முடியாது, முயலவும் வேண்டாம். வாக்குப்பதிவு, எண்ணிக்கைப் பணியில் இருப்பவர்கள் ரகசியத்தை வெளியிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 128-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை. ஆனாலும் சாவடிவாரிக் கணக்கு வெளிவருவதால், ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று எனச் சாவடி இருக்கும் இடங்களில் எந்தப் பக்கம் "கைவிட்டது" என்று அடுத்த நாளே பேச்சு எழும். ரோடும் தெருவிளக்கும் அந்தப் பேச்சில் சிக்கிவிடக்கூடும். இதைத் தடுக்கத்தான் 14 இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, நாளை தலைவராகக்கூடிய உங்களைப் போன்றவர்கள் அந்த எண்ணை வைத்து யாரையும் பிரிக்காமல் இருப்பதே அந்த மக்களுக்குப் பாதுகாப்பு.

பழைய தேர்தலின் படிவம் 20 இணையத்தில் கிடைக்காவிட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுங்கள். மனுவில் தொகுதி எண், தேர்தல் ஆண்டு, சாவடி அமைந்த பள்ளியின் பெயர் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள்.