ஐந்து பற்றரிகளையும் உடனே மாற்ற வேண்டாம்

வணக்கம். பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குச் சென்றுவரும் உங்கள் சிறிய மின்காரின் ஓடுதூரம் ஒன்றரை வருடத்தில் பாதியாகக் குறைந்துவிட்டதென்றும், ஐந்து பற்றரிகளையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். காசைக் கொடுப்பதற்கு முன் அவற்றைத் தனித்தனியே சோதித்துப் பாருங்கள்.

அவை தொடராக இணைக்கப்பட்ட 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரிகள் என்பதால், ஒன்று நலிந்தாலே மற்ற நான்கின் வலுவும் முழுமையாகப் பயன்படாமற் போய்விடும். முழுவதும் மின்னேற்றிச் சில மணிநேரம் ஓயவிட்டபின் மல்ரிமீற்றரால் அளந்தால், நல்ல பற்றரி ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும். பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து மறுபடியும் அளக்கும்போது ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், பழுது அதில்தான் என்று கொள்ளலாம். மொத்தம் 60 வோல்ற் ஆதலால், வெறுங்கையால் முனைகளைத் தொடாதீர்கள்.

காரைத் தகரக் கொட்டிலுக்குள் நிறுத்துவதாகவும் சொல்லியிருந்தீர்கள்; என் கணிப்பில் பாதிக் காரணம் அதுதான். வன்னி வெயிலில் அந்தத் தகரத்தின் கீழ் பற்றரி வெந்துபோகும். வெப்பம் ஏற ஏற அதன் ஆயுள் குறையும். வேப்பமர நிழலில் நிறுத்தி, சூடு ஆறியபின் அன்றிரவே காற்றோட்டமான இடத்தில் மின்னேற்றுங்கள். பற்றரியின் மின்னேற்றத்தைப் பாதிக்குக் கீழே இறங்கவிடுவதும், இறங்கியதை நாட்கணக்கில் அப்படியே போட்டுவைப்பதும் தகடுகளில் ஈய சல்பேற்றைப் படியவைத்துப் பற்றரியை நலியச் செய்யும்.

ரயர்க் காற்றையும் பாருங்கள்; அது குறைந்தாலும் ஓடுதூரம் குறையும். ஏ9 வீதியில் ஓரமாகச் செல்லுமாறு நான் சொல்லத் தேவையில்லை; பின்னால் வரும் பேருந்துகளே சொல்லிவிடும்.