கேள்வி – பதில்: சார்ட்டர் பள்ளிகளின் கடிவாளம் யார் கையில்?

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகன், பேத்தியைச் சார்ட்டர் பள்ளி ஒன்றில் சேர்ப்பதற்காகக் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அரசுப் பணத்தில், மாணவரிடம் கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப்பள்ளி அது. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். அனுமதி சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதும், அதைப் புதுப்பிக்க மறுத்தால் பள்ளியையே மூட நேரலாம் என்பதும் மீதிப் பாதி. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்தியாக வேண்டும். இதற்கான முதல் சட்டத்தை மின்னசோட்டா 1991-இல் இயற்றியது. மறு ஆண்டே கலிபோர்னியா பின்தொடர்ந்தது.

சட்டத்துக்குக் குறைவில்லை, அனுமதி கொடுப்பவர் யார், அதனால் அவருக்கு என்ன வரும்படி என்பதில்தான் ஓட்டை இருந்தது. கலிபோர்னியாவில் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமே, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பே, அனுமதி தருகிறது; மேற்பார்வைச் செலவுக்காகப் பள்ளியின் வருவாயில் 1 விழுக்காடு வரை அது எடுத்துக்கொள்ளலாம். சான் டியேகோ பகுதியில், தனக்கென 200 மாணவர்கள்கூட இல்லாத ஒரு சிறு மாவட்டம், பல ஆயிரம் மாணவர்களைப் பதிவில் காட்டிய இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி தந்திருந்தது. பதிவு கூடக்கூட மாவட்டத்துக்குக் கிடைக்கும் மேற்பார்வைக் கட்டணமும் கூடும் என்னும்போது, பதிவேட்டைத் துருவிப் பார்க்கும் அக்கறை எங்கிருந்து வரும்? ஏ3 என்ற நிறுவனத்தின் பள்ளிகள், கோடைக்கால விளையாட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் மாணவர் பட்டியலில் ஏற்றி அரசிடம் பணம் பெற்றன என்று 2019-இல் வழக்குத் தொடரப்பட்டு, 11 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் வந்த ஒரு சட்டம், சார்ட்டர் பள்ளி நிர்வாகக் குழுக்களின் கூட்டங்களும் ஆவணங்களும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 1505 என்ற சட்டம், புதிய பள்ளியால் மாவட்டத்தின் நிதிநிலை குலையுமானால் அனுமதியை மறுக்க வழிசெய்தது. ஆசிரியர்களுக்கு மாநிலச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. வகுப்பறை சாராத புதிய பள்ளிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆனால் மேற்பார்வைக் கட்டணத்தை மாணவர் எண்ணிக்கையோடு பிணைக்கும் முறையை இவ்விரண்டு சட்டங்களுமே விட்டுவைத்தன என்பதுதான் என் மனக்குறை. உங்கள் மகன் பள்ளியின் வலைத்தளத்துப் படங்களோடு நின்றுவிடாமல், நிர்வாகக் குழுக் கூட்டங்களின் குறிப்புகளையும், கடைசியாக அனுமதி எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். நன்கு செயல்படும் பள்ளிக்கு 7 ஆண்டுகள் வரை கிடைக்கும். வெறும் 2 ஆண்டுகளே கிடைத்திருந்தால் காரணத்தை விசாரிப்பது நல்லது.

கேள்வி: பெற்றோர் இவ்வளவு விரும்பும்போது, இத்தனை பள்ளிகளுக்கு மேல் கூடாது என்று மாநிலங்கள் உச்சவரம்பு வைப்பது ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: மாணவர் போனால் அவருக்கான பணமும் கூடவே போய்விடும், செலவு அப்படிப் போகாது. 25 பேர் படிக்கும் வகுப்பிலிருந்து 3 பேர் சார்ட்டர் பள்ளிக்கு மாறினால், அந்த 3 பேருக்கான நிதி குறையும், ஆனால் ஆசிரியரின் சம்பளமோ, பேருந்து ஓட்டுநரின் சம்பளமோ, கட்டடத்தைச் சூடாக்கும் செலவோ குறையாது. அதனால்தான் மாசசூசெட்ஸ், பள்ளிகளின் எண்ணிக்கையோடு, ஒரு மாவட்டத்தின் பள்ளிச் செலவில் எவ்வளவு பங்கு சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகலாம் என்பதற்கும் வரம்பு கட்டியது. தேர்ச்சியில் மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில் அந்த வரம்பை 2010-இல் 9-இலிருந்து 18 விழுக்காடாகப் படிப்படியாக உயர்த்த வழிசெய்தது. ஆண்டுக்கு 12 பள்ளிகள் வரை கூடுதலாக அனுமதிக்கலாமா என்று 2016-இல் மக்களிடமே வாக்கெடுத்தபோது, ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். பாஸ்டன் நகரச் சார்ட்டர் பள்ளிகள் நல்ல பெயர் எடுத்தவை என்பதை நினைத்தால், அந்த வாக்குகளைப் பள்ளிகளின் தரத்துக்கு எதிரானவையாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை; தம் ஊர்ப் பள்ளியின் வரவுசெலவை நினைத்தே பலரும் வாக்களித்திருக்க வேண்டும்.

கேள்வி: மத அமைப்புகள் சார்ட்டர் பள்ளி நடத்தலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க இணையவழிப் பள்ளிக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது, மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மேல்முறையீட்டில், நீதிபதி ஏமி கோனி பாரெட் விலகிக்கொண்டதால், 2025 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 4–4 எனப் பிரிந்து நின்றது. ஆகவே மாநிலத் தீர்ப்பே நிலைத்தது. சரிபாதியாகப் பிரிந்த முடிவு பிற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், இதே வழக்கு வேறொரு மாநிலத்திலிருந்து மீண்டும் அங்கே வரத் தடையில்லை.