யார் யாருக்கு இடம் கொடுத்தது?

கேள்வி: கிறிஸ்தவ மதம் பெண்களுக்கு என்ன இடம் கொடுத்தது? அவர்கள் பாதிரியார் ஆவதில் ஏன் இவ்வளவு தகராறு?

பதில்: ‘கொடுத்தது’ என்கிறீர்களே, அதில்தான் எனக்கு ஆட்சேபம். இயேசு ஊர் ஊராகப் போய்ப் போதித்த காலத்தில் செலவைப் பார்த்துக்கொண்டது யார்? லூக்கா 8-ஆம் அதிகாரம் பெயரோடு சொல்கிறது: மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள். சொந்த ஆஸ்தியிலிருந்து கொடுத்தார்கள். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டது மகதலேனா மரியாள் என்கிறது யோவான் சுவிசேஷம். அவர் போய் சீஷர்களிடம் சொன்ன சேதியில்தான் அந்த மதமே நிற்கிறது.

அந்த மரியாளுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 591-ஆம் ஆண்டு வாக்கில் போப் முதலாம் கிரிகோரி ஒரு பிரசங்கத்தில், லூக்கா பெயர் சொல்லாமல் விட்ட ‘பாவியான ஸ்திரீ’யும் இவரும் ஒருவரே என்றார். வேதத்தில் அதற்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது. மேற்கு ஐரோப்பாவின் ஓவியர்கள் விடுவார்களா? தலைமுறை தலைமுறையாகத் தலையை விரித்துப்போட்டு அவரை அழவைத்தார்கள். 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை இந்த முடிச்சை அவிழ்த்தது. அவருடைய நாள் அப்போஸ்தலர்களின் விழாக்களுக்கு நிகராக உயர்ந்தது 2016-இல்.

விரித்த தலை என்றதும், கிறிஸ்தவர் என்பதற்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவா நினைவுக்கு வருகிறார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம், 203-ஆம் ஆண்டு, வயது 22, கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவர் தன் கையால் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அரங்கத்தில் காட்டுப்பசு தூக்கி எறிந்ததும் எழுந்து உட்கார்ந்து, ஊசி கேட்டு வாங்கிக் கூந்தலை முடிந்துகொண்டாராம். தலைவிரிகோலம் துக்கத்தின் அடையாளம், தனக்கோ இது வெற்றி நாள் என்று. கடைசியில் வெட்ட வந்தவன் கத்துக்குட்டி. அவன் கை நடுங்க, அதைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனவரும் இவரே. கூடவே செத்த பெலிசித்தா ஓர் அடிமைப்பெண். சிறையில் பிள்ளை பெற்றவர். இவர்களுக்கு யார் என்ன இடம் கொடுத்தார்கள்?

சரி, பாதிரியார் விஷயம். ‘பன்னிரண்டு சீஷர்களும் ஆண்கள்’ என்பதுதான் எப்போதும் வரும் வாதம். பன்னிரண்டு பேரும் யூதர்கள்கூடத்தான். குருவாக யூதராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அதை முன்மாதிரியாகக் கொண்டு ரோமாபுரி தன் குருக்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. ஆண் என்பதை மட்டும் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்? பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் 1994-இல் கதவைச் சாத்தினார்.

இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சீனக் கடற்கரையிலுள்ள மக்காவ் (Macau) நகருக்கு எந்தக் குருவும் போய்ச்சேர முடியவில்லை. அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த லீ டிம் ஓய் என்ற பெண்ணுக்கு 1944-இல் பிஷப் ரொனால்ட் ஹால் குருப்பட்டம் கொடுத்தார். போர் முடிந்ததும் மேலிடத்திலிருந்து நெருக்கடி. 1946-இல் லீ தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்து திருச்சபையில் பெண்கள் குருவானது 1994-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே லீ காலமாகிவிட்டார்.

ஆள் கிடைக்காதபோது செல்லுபடியான குருப்பட்டம், ஆள் கிடைத்ததும் எப்படிச் செல்லாமல் போகும்? வசனம் காட்டி விளக்கக்கூடியவர்கள் எழுதட்டும். ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.